ஏசி ஓய்வில்லாமல் ஓடுகிறதே என்று வீட்டின் 8 ஜன்னலையும் இரட்டைக் கண்ணாடிக்கு மாற்றினால் போட்ட பணம் திரும்புமா?

3 வருடத்தில் விற்கப்போகிறீர்கள் என்றால் மாற்றாதீர்கள். மொத்தச் செலவை, வருடத்துக்கு மிச்சமாகும் மின்கட்டணத்தால் வகுத்துப் பாருங்கள். 15, 20 வருடம் என்று வந்தால் மீதியை வீடு வாங்குபவர்தான் தர வேண்டும். முழுசாக யாரும் தரமாட்டார்கள்.

இரட்டைக் கண்ணாடி, வெளிக்காற்றின் சூடு கண்ணாடி வழியே கடந்து வருவதை ஏறக்குறைய பாதியாக்கும் (நேராக விழும் வெயிலை அவ்வளவு குறைக்காது), உண்மைதான். ஆனால் ஏசி ஓய்வில்லாமல் ஓடுகிறது என்கிறீர்களே, எனக்கு ஜன்னல் சட்டத்துக்கும் சுவருக்கும் நடுவே உள்ள இடுக்கின் மேல்தான் சந்தேகம்.

காற்று வீசும் நாளில் ஜன்னலைச் சாத்திவிட்டு, ஊதுபத்தியை ஓரமாக மெல்ல நகர்த்துங்கள் (திரைச்சீலையைக் கழற்றிவிட்டு!). புகை சட்டென்று வளையும் இடத்தில், இடுக்கை அடைக்கும் சிலிகோன் பசையைப் பூசுங்கள். அடுத்த 2 மாத பில்லைப் பார்த்துவிட்டு மற்றதை யோசிக்கலாம்.

ஒன்று: சட்டம் உளுத்து மழைநீர் இறங்கும் ஜன்னல் இருந்தால் அதை மட்டும் மாற்றிவிடுங்கள். சுவரில் ஈரக்கறையைப் பார்த்ததுமே பேரம் இறங்கிவிடும்.