வேர் சிகிச்சை செய்த பல் மறுபடி வலிப்பது ஏன்?

கேள்வி: கீழ்த்தாடையில் இரண்டாவது கடைவாய்ப்பல்லுக்குப் போன வருடம் ரூட் கெனால் செய்து கேப் போட்டேன். இப்போது மென்றால் வலிக்கிறது. வேறு டாக்டர், ‘உள்ளே கெனால் ஆங்கில ‘சி’ எழுத்து மாதிரி இருக்கலாம், ஸ்கேன் எடுக்க வேண்டும்’ என்கிறார். முதல் டாக்டர் ஏமாற்றிவிட்டாரா? பல்லைப் பிடுங்கிவிடவா?
- வாசகி, திருச்சி

பதில்: இரண்டுக்கும் அவசரப்படாதீர்கள். அந்தப் பல்லுக்குப் பொதுவாக இரண்டு வேர், மூன்று கெனால் (வேருக்குள் ஓடும் குழாய்). சிலருக்குப் பல் உருவாகும்போதே வேர்கள் ஒரு பக்கமாக ஒட்டிக்கொள்ளும். அப்போது தனித்தனிக் குழாய்களுக்குப் பதிலாக, வளைந்த ஒரே இடுக்காகக் கெனால் அமைந்துவிடும். இதைப் பற்றி 1979-லேயே மருத்துவ இதழில் எழுதிவிட்டார்கள். சீனர், கொரியர்களிடம் அதிகம். நம்மிடம் குறைவு, ஆனால் அபூர்வம் இல்லை.

சாதாரண எக்ஸ்ரே பக்கவாட்டில் எடுத்த தட்டையான படம்தான். அதில் இந்த வளைவு தெரியாமல் போவது சகஜம். அப்புறம், சுத்தம் செய்யும் ஃபைல், அதாவது ஊசி மாதிரியான அரம், உருண்டையானது. ஜன்னல் சட்ட இடுக்கை பாட்டில் பிரஷால் தேய்த்தால் எப்படியோ, அப்படித்தான். மூலையில் மிச்சம் தங்கும், கிருமி வளரும். அழுத்தித் தேய்க்கவும் முடியாது. பெரும்பாலும் நாக்குப் பக்கம் வேரில் ஒரு பள்ளம் இருக்கும். அங்கே சுவர் மெல்லியது, ஓட்டை விழுந்துவிடும். அதனால் ஃபைலைவிட கிருமியைக் கொல்லும் ஹைப்போகுளோரைட் மருந்தையும், அதை உள்ளே கலக்கிவிடும் அல்ட்ராசோனிக் முனையையும்தான் நம்ப வேண்டும். அடைக்கும்போதும் கட்டபர்ச்சா என்ற ரப்பர் போன்ற பொருளைச் சூடாக்கி இளக்கி நிரப்பினால்தான் இடுக்கெல்லாம் போய்ச் சேரும்.

ஆக, முதல் டாக்டர் ஏமாற்றினார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இப்போது சொல்பவரும் காசு பிடுங்கப் பார்க்கவில்லை. சிபிசிடி ஸ்கேன் முப்பரிமாணத்தில் காட்டும், எடுத்துவிடுங்கள். கர்ப்பமாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள். மறு சிகிச்சையை, மைக்ரோஸ்கோப் வைத்திருக்கும் வேர் சிகிச்சை நிபுணரிடம் செய்வது நல்லது. பழைய எக்ஸ்ரேக்களையும் கேட்டு வாங்கிக்கொண்டு போங்கள்.

ஒன்றைக் கேட்க மறக்காதீர்கள்: பல்லில் விரிசல் உண்டா? அதுவும் மெல்லும்போதுதான் வலிக்கும். வேர்வரை பிளந்திருந்தால் மறு சிகிச்சை வீண் செலவு. அப்போது பிடுங்குவதுதான் சரி. நடுவில் வீக்கமோ காய்ச்சலோ வந்தால் அன்றே டாக்டரிடம் போங்கள்.

‘சி’ வடிவம் பலருக்கு இரண்டு பக்கமும் இருக்கும். மறு பக்கத்தில் உள்ள இதே பல்லுக்கு என்றாவது வைத்தியம் தேவைப்பட்டால், ஆரம்பத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள்.