வீட்டை வாடகைக்கு விட கடை ஏஜென்டா, ஆன்லைன் ஏஜென்டா? கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, லண்டன் ஹாரோவில் எங்கள் வீட்டை முதல்முறையாக வாடகைக்கு விடுகிறோம். வாடகை 1,800 பவுண்ட். கடைத்தெரு ஏஜென்ட் முழுப் பராமரிப்புக்கு 12 சதவீதம் கேட்கிறார். ஆன்லைனில் சில நூறு பவுண்டோடு முடிகிறது. எது நல்லது?

பதில்: 12 சதவீதம் என்றால் மாதம் 216 பவுண்ட். வாட் வரி 20 சதவீதம் சேர்ந்தால் 259.20. வருடத்துக்கு 3,110 பவுண்ட் போகும். பேச்சில் வாட்டை விட்டுவிடுவார்கள். வரியோடு சேர்த்துத்தான் கட்டணத்தைக் காட்ட வேண்டும் என்று 2015இலேயே சட்டம் வந்துவிட்டது, பட்டியலைக் கேட்டு வாங்குங்கள் தங்கச்சி.

ஆன்லைனில் நீங்கள் முக்கியமாக வாங்குவது விளம்பரம். ரைட்மூவ் என்ற வீட்டு விளம்பர இணையதளத்தில் வீட்டுக்காரர் நேரடியாகப் போட முடியாது, ஏஜென்ட் வழியாகத்தான் போக வேண்டும். ஆனால் வீட்டைக் காட்டுவது, சாவி கொடுப்பது, பாய்லர் நின்றால் ஆள் அனுப்புவது எல்லாம் பெரும்பாலும் உங்கள் தலையில். பக்கத்தில் இருக்கிறீர்கள், மாலையில் நேரமும் உண்டு என்றால் ஆன்லைனே போதும்.

இன்வென்ட்ரியை, அதாவது வீட்டுப் பொருட்களையும் அவற்றின் நிலையையும் எழுதிவைக்கும் பட்டியலை மட்டும் யாரிடமும் விட்டுவிடாதீர்கள். என் முதல் வீட்டுக்கு முழுக் கட்டணம் வாங்கிய கடை ஏஜென்ட் ‘ஓவன் அடுப்பு: நல்ல நிலை’ என்று ஒரே வரி எழுதினார், போட்டோ கிடையாது. குடியிருந்தவர் போனபிறகு ஓவனைத் திறந்தால் அடித்தட்டில் ஒரு விரல் கனத்துக்குக் கருகிய எண்ணெய். டெபாசிட் தகராறில் காட்ட என்னிடம் எதுவும் இல்லை, தோற்றேன்.

கேள்வி: ஏஜென்ட் டெபாசிட்டைப் பதியாமல் விட்டால் அவர்தானே பொறுப்பு?

பதில்: நீங்களும்தான். 30 நாளுக்குள் அரசு அங்கீகரித்த மூன்று திட்டங்களில் ஒன்றில் பாதுகாக்க வேண்டும். தவறினால் டெபாசிட்டைப் போல ஒன்று முதல் மூன்று மடங்கு வரை குடியிருப்பவருக்குக் கொடுக்க நேரலாம். பதிவுச் சான்றிதழின் நகலைக் கையில் வாங்குங்கள்.

கேள்வி: கிளாஸ்கோவில் எப்படி?

பதில்: ஸ்காட்லாந்து சட்டம் வேறு. நான் சொல்வது இங்கிலாந்துக்கு மட்டும்.

கேள்வி: சென்னைக்கே திரும்பிவிட்டேன். ஏஜென்ட் வாடகையில் வரி பிடிக்கிறாரே?

பதில்: பிடிக்கத்தான் வேண்டும். ஆறு மாதத்துக்கு மேல் வெளிநாட்டில் இருந்தால், செலவு போக 20 சதவீதம். வரித்துறைக்கு என்ஆர்எல்1 படிவம் அனுப்பி அனுமதி வாங்கினால் முழு வாடகையும் கையில் வரும், கணக்கை நீங்களே தாக்கல் செய்ய வேண்டும். இவ்வளவு தூரத்தில் இருந்துகொண்டு ஆன்லைன் ஏஜென்டை நம்பாதீர்கள். ராத்திரி தண்ணீர்க் குழாய் உடைந்தால் யார் போவது?

கேள்வி: எது மலிவு?

பதில்: முதல் பதிலில் கணக்கு இருக்கிறது.

கேள்வி: நானும் ஏஜென்ட்தான். நல்ல ஆளைக் கண்டுபிடித்துக் கொடுத்தது நாங்கள். அவர் இருக்கும்வரை வருடா வருடம் புதுப்பிப்புக் கட்டணம் கேட்பதில் என்ன தப்பு?

பதில்: 2026 மே 1 முதல் ஆறு மாதம், ஒரு வருடம் என்ற கால ஒப்பந்தமே இங்கிலாந்தில் இல்லை. புதுப்பிக்க என்ன இருக்கிறது தம்பி?

அதே ஏஜென்ட்: ஒப்பந்தத்தில் எழுதிக் கையெழுத்து வாங்கியிருக்கிறோமே?

பதில்: எங்கே எழுதினீர்கள் என்பதுதான் விஷயம். சாதாரண வீட்டுக்காரரின் கண்ணில் படாமல் பொடி எழுத்தில் ஒளிந்த புதுப்பிப்புக் கமிஷன் நியாயமற்றது என்று 2009இல் லண்டன் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் போடுங்கள், எத்தனை பேர் சம்மதிக்கிறார்கள் என்று பார்ப்போம். கையெழுத்துப் போடப்போகிறவர்களே, ‘புதுப்பிப்பு’ என்ற சொல்லைத் தேடி அடித்துவிடச் சொல்லுங்கள். எனக்கு இரண்டு முறை அடித்துத் தந்திருக்கிறார்கள்.

கேள்வி: ஆன்லைன் கம்பெனி திடீரென்று மூடிவிட்டால் என் வாடகைப் பணம்?

பதில்: கடையோ ஆன்லைனோ, வாடகைப் பணத்தைக் கையில் வைத்திருக்கும் ஏஜென்ட் 2019 ஏப்ரல் முதல் வாடிக்கையாளர் பணப் பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்திருக்க வேண்டும். சான்றிதழைக் கேளுங்கள். காட்டினால் மட்டும் போதாது, அந்தத் திட்டத்தின் இணையதளத்திலேயே அவர்கள் பெயர் இருக்கிறதா என்று நீங்களே தேடுங்கள். இதையும் கையெழுத்துக்கு முன்னால் செய்யுங்கள்.

கேள்வி: அண்ணா, மொத்தத்தில் எது மலிவு?

பதில்: முதல் பதில்.