ஆடிக் காற்றில் நட்ட தக்காளி நாற்று

கேள்வி: ஐயா, வணக்கம். பணகுடிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இருக்கிறோம். ஆடிப்பட்டமாயிற்றே என்று வீட்டுப் புறவாசலில் பாத்தி கட்டி, நாற்றுப் பண்ணையில் வாங்கிய பி.கே.எம் 1 தக்காளி நாற்று பதினைந்து நட்டேன். ஒன்பது நாள் ஆகிறது. காலையும் மாலையும் செடிக்கு ஒரு செம்புத் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனாலும் பதினோரு மணிக்கெல்லாம் இலை துவண்டு தொங்கிவிடுகிறது. இருட்டும் நேரத்தில் கொஞ்சம் நிமிர்கிறது. அடி இலைகள் மஞ்சளாகின்றன. இரண்டு நாற்றுகள் கத்தியால் அறுத்ததுபோல் தரையோடு விழுந்து கிடந்தன. எங்கள் கிணற்றில் தண்ணீர் சற்று உப்பு. யூரியா ஒரு கைப்பிடி தூவினால் பச்சை பிடித்துவிடும் என்கிறார் பக்கத்து வீட்டு மதினி. போடலாமா?

பதில்: வணக்கம் அம்மா. முதல் வேலையாக அந்த யூரியாவை எடுத்த இடத்திலேயே வைத்துவிடுங்கள். வேர் பிடிக்காத செடிக்கு அது உணவாகாது. உப்புத் தண்ணீர் பாயும் மண்ணில் இன்னும் கொஞ்சம் உப்பைச் சேர்த்து, இருக்கிற வேரையும் கருக்கிவிடும். மதினியின் அக்கறையில் குறையில்லை. வேர் நன்றாக ஓடிய பிறகு அளவோடு போடுவதற்கு அவர் சொல்வதில் நியாயம் உண்டு. ஒன்பதாம் நாளில் இல்லை.

உங்கள் செடிக்கு நோய் வந்திருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. உச்சிப் பொழுதில் வாடி, மாலையில் நிமிர்கிறது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். நாளைக் காலை ஆறு மணிக்குப் போய்ப் பாருங்கள். அப்போது இலை விறைப்பாக நின்றால் செடி உயிரோடும் தெம்போடும் இருக்கிறது. பகலில் அது இழக்கும் நீரை வேரால் ஈடுகட்ட முடியவில்லை, அவ்வளவுதான்.

ஏன் முடியவில்லை என்பதைச் சொல்கிறேன். பண்ணை நாற்று குழித்தட்டில், தென்னை நார்க் கழிவில், நிழல் வலைக்கு அடியில் வளர்ந்தது. அதன் வேர் முழுவதும் கட்டைவிரல் பருமனுள்ள அந்த நார்க் கட்டிக்குள் சுருண்டு இருக்கிறது. பாத்தி மண் எவ்வளவு ஈரமாக இருந்தாலும், வேர் கட்டியை விட்டு வெளியே வரும்வரை அந்த ஈரம் செடிக்கு எட்டாது. இதில் உங்கள் ஊர்க் காற்று வேறு சேர்ந்துகொள்கிறது. ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாகத் தென்மேற்குக் காற்று புகுந்து வரும் பாதையில் இருக்கிறீர்கள். சும்மாவா அங்கே இத்தனை காற்றாலைகளை நட்டு வைத்திருக்கிறார்கள்! அதே பருவத்தில் குற்றாலத்துக்குச் சாரல் கிடைக்கிறது. மலையின் மறைவில் இருக்கும் பணகுடிக்கு மழை நின்றுபோன காற்று மட்டுமே வந்து சேர்கிறது. அந்த வறண்ட காற்று இலையிலிருந்து நீரை உறிஞ்சும் வேகத்துக்குச் சின்ன வேர் என்ன செய்யும்?

ஆகவே முதல் தேவை மறைப்பு. பாத்தியின் மேற்குப் பக்கமாக, செடியிலிருந்து இரண்டு முழம் தள்ளி, பனை ஓலையை வரிசையாக ஊன்றிவிடுங்கள். இடுப்பளவு உயரம் போதும். இடைவெளி இல்லாமல் நெருக்கி அடைக்காதீர்கள். தகரம், தார்ப்பாய் வேண்டவே வேண்டாம். கெட்டியான மறைப்பில் மோதும் காற்று மேலே ஏறி, அந்தப் பக்கம் சுழன்று விழுந்து செடியை முறுக்கும். ஓலையின் சந்துகளில் வடிந்து வந்தால்தான் அதன் வேகம் தணியும். அடுத்த ஆண்டுக்கும் சேர்த்து யோசிப்பதானால், அதே வரிசையில் இப்போதே அகத்தி விதையைப் போட்டு வையுங்கள். மறைப்புக்கு மறைப்பு, ஆட்டுக்கும் தழை, வீட்டுக்கும் கீரை.

கூடவே செடிக்கு ஒரு குச்சி. வேர் பரவிய பிறகு குச்சி ஊன்றினால் வேரைக் குத்திக் கிழிக்கும் என்பதால் இன்றே ஊன்றிவிடுங்கள். வாழை நாரை நனைத்து, குச்சிக்கும் தண்டுக்கும் நடுவே எட்டு வடிவில் ஒரு முறுக்கு விட்டுத் தளர்வாகக் கட்ட வேண்டும். காற்றில் தண்டு ஆடினால், புதிதாக மண்ணுக்குள் நீண்ட மெல்லிய வேர்கள் ஒவ்வொரு ஆட்டத்திலும் அறுந்துபோகும். பல வீடுகளில் செடி வளராமல் நிற்பதற்கு இதுதான் காரணம். பழி மட்டும் உரத்தின் மேல் விழும்.

இனி தண்ணீர். மாலைச் செம்பை நிறுத்துங்கள். காலையில் ஒரு முறை, ஆனால் ஆழமாக நனையும்படி ஊற்றுங்கள். இந்தக் கட்டத்தில் தண்டின் அடியிலேயே, நார்க் கட்டி நனையும்படி விழ வேண்டும். புதுத் தளிர் விட்டதும், அதாவது வேர் ஓடிவிட்டது என்று தெரிந்ததும், ஒரு சாண் தள்ளி ஊற்றப் பழகுங்கள். ஈரத்தைத் தேடி வேர் வெளியே நீளும். அதன் பிறகு செம்மண்ணானால் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு முறை போதும். ஐயம் வந்தால் விரலை இரண்டு கணு ஆழத்துக்கு மண்ணில் விட்டுப் பாருங்கள். அங்கே ஈரம் இருந்தால், மேல் மண் எவ்வளவு வெளுத்துத் தெரிந்தாலும் ஊற்றாதீர்கள். அடி இலை மஞ்சளாவதில் இந்த இரட்டைத் தண்ணீருக்கும் பங்கு உண்டு. எந்நேரமும் சொதசொதவென்று இருக்கும் மண்ணில் வேருக்குக் காற்று கிடைக்காது. நாற்றின் பழைய அடி இலை ஒன்றிரண்டு உதிர்வது இயல்புதான், அதற்காகக் கலங்க வேண்டாம்.

உப்புத் தண்ணீர்க்காரர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி ஊற்றினால் நீர் ஆவியாகி உப்பு மட்டும் மேல் மண்ணில் தங்கும். பாத்தியின் ஓரத்தில் வெள்ளையாகப் பூத்திருக்கிறதா என்று பாருங்கள். பூத்திருந்தால் அந்த மேல் மண்ணைச் சுரண்டி வெளியே எறிந்துவிட்டு, பத்து நாளுக்கு ஒரு முறை நிறையத் தண்ணீர் விட்டு உப்பைக் கீழே இறக்குங்கள். பாத்தியில் வடிகால் இருந்தால்தான் இது பலிக்கும். இலையின் மேல் உப்புத் தண்ணீர் படவே கூடாது. வாழைச் சருகையோ வைக்கோலையோ நான்கு விரல் கனத்துக்கு மூடாக்குப் போட்டால் ஈரமும் நிற்கும், உப்பு மேலே ஏறுவதும் குறையும். சருகு தண்டை ஒட்டாமல் சற்றுத் தள்ளியே இருக்கட்டும். அடுப்புச் சாம்பல் தூவும் வழக்கம் நம் பக்கத்தில் நிறைய உண்டு. உங்கள் மண்ணுக்கு அது ஆகாது. சாம்பல் காரத்தன்மை உள்ளது, உப்பு மண்ணின் தொல்லையைக் கூட்டும்.

விழுந்த இரண்டு நாற்றுகளுக்கு வருகிறேன். அறுத்ததுபோல் இருந்தால் அது வெட்டுப்புழுவின் வேலை. விழுந்த செடியைச் சுற்றி இரண்டு அங்குல ஆழத்துக்குக் கிளறுங்கள். சாம்பல் கலந்த கறுப்பு நிறத்தில், தொட்டால் வளையமாகச் சுருண்டுகொள்ளும் புழு கிடைக்கும். பகலில் மண்ணுக்குள் கிடந்து இரவில் வந்து வெட்டும். கோழிக்குப் போட்டுவிடுங்கள். மீதமுள்ள செடிகளுக்கு, டீக்கடைக் காகிதக் குவளையின் அடியை வெட்டிவிட்டு, தண்டைச் சுற்றிப் பாதி புதையும்படி வைத்தால் போதும். இதற்கு மருந்து தேடி அலைய வேண்டியதில்லை. அடித்தண்டு அறுபடாமல், பழுப்பாகி நூல்போல் சுருங்கி விழுந்திருந்தால் மட்டும் அது நாற்றழுகல். அதற்கும் அதிக ஈரமே காரணம். லிட்டர் தண்ணீருக்கு 5 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியாப் பொடி) கலந்து மற்றச் செடிகளின் வேரில் ஊற்றலாம்.

வெற்றிடத்தில் புது நாற்று வைக்கும்போது வெயில் சாய்ந்த பிறகு வையுங்கள். நார்க் கட்டி வெளியே தெரியக் கூடாது. தெரிந்தால் அது திரிபோல் ஈரத்தை உறிஞ்சிக் காற்றுக்குக் கொடுத்துவிடும். தக்காளித் தண்டு மண்ணில் புதைந்த இடமெல்லாம் வேர் விடும். அடி இலைகளைக் கிள்ளிவிட்டு, மேல் இலைகளுக்குக் கீழ்வரை தயங்காமல் புதைக்கலாம்.

உரம் இருபது, இருபத்தைந்து நாளைக்குப் பிறகு. செடிக்கு இரண்டு கை மண்புழு உரமும் கொஞ்சம் வேப்பம் புண்ணாக்கும் கலந்து போட்டு, மண் அணைத்துவிடுங்கள். பக்கக் கிளைகளைக் கிள்ளச் சொல்லும் காணொளிகளைப் பார்த்துவிட்டு உங்கள் செடியில் கை வைக்காதீர்கள். அது பந்தலில் ஏறும் நெட்டை ரகங்களுக்கான வேலை. பெரியகுளத்தில் உருவான பி.கே.எம் 1 குத்துச்செடி, அந்தக் கிளைகளில்தான் காய்க்கும்.

வேர் பிடித்த பிறகு நீங்கள் அஞ்ச வேண்டியது வெள்ளை ஈக்குத்தான். இலைச்சுருட்டை வைரஸைக் கொண்டுவருவது அதுவே. நட்ட ஒன்றரை மாதத்துக்குள் தாக்கினால் அந்தச் செடியில் காயை எதிர்பார்க்க வேண்டாம். மஞ்சள் அட்டையில் விளக்கெண்ணெய் தடவி, செடி உயரத்துக்குத் தொங்கவிடுங்கள். வாரம் ஒரு மாலை, லிட்டருக்கு 3 மில்லி வேப்பெண்ணெயைச் சிறிது சோப்புக் கரைசலோடு சேர்த்து இலையின் அடிப்புறம் நனையத் தெளியுங்கள். வேர் பிடிக்காமல் வாடி நிற்கும் செடிக்கு இப்போதே தெளித்துவிடாதீர்கள். சுருண்ட செடி தெரிந்தால் இரக்கம் பார்க்காமல் பிடுங்கிப் புதைத்துவிடுங்கள்.

பருவத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. ஆடியில் நட்ட தக்காளி ஐப்பசி அடைமழையில் காய்ப்புக்கு வந்து பழம் வெடிக்கும். உங்கள் ஊருக்குக் கார்த்திகைக் கடைசியில் நடுவதையே நான் பரிந்துரைப்பேன். அப்போது காற்று அடங்கியிருக்கும், மழையில் கிணறு நிறைந்து உப்பும் குறைந்திருக்கும்.

ஓலை வைத்து, தண்ணீரைக் குறைத்து ஒரு வாரம் பாருங்கள். அதன் பிறகும் ஏதாவது ஒரு செடி காலையிலேயே பச்சையாக வாடி நின்றால், அதன் தண்டை அடியில் வெட்டி, கண்ணாடித் தம்ளரில் தெளிந்த தண்ணீர் எடுத்து வெட்டுவாய் படும்படி பிடியுங்கள். சில நிமிடங்களில் பால் நிறத்தில் இழை இழையாக இறங்கினால் அது பாக்டீரியா வாடல். மருந்துக்கு அடங்காது. செடியை வேரோடு எடுத்து எரித்துவிட்டு, அந்தப் பாத்தியில் தக்காளி, கத்தரி, மிளகாய் எதுவும் வைக்காமல் சோளம் விதையுங்கள்.