புனித பெர்பெத்துவா: சிறைக் குறிப்பைப் பற்றிய கேள்வி பதில்

கேள்வி: ஐயா, விசுவாசத்துக்காக உயிர்விட்ட மறைசாட்சிகள் பலர் இருக்க, பெர்பெத்துவாவை மட்டும் தனித்துப் பேசுவது ஏன்?

பதில்: மற்றவர்களின் கதையைப் பிறர் சொல்லக் கேட்கிறோம்; இவர் கதையை இவரே சொல்கிறார். இன்றைய துனீசியாவில் உள்ள கார்த்தேஜ் நகரில் 203ஆம் ஆண்டு மார்ச் 7 அன்று கொல்லப்பட்டபோது அவருக்கு ஏறத்தாழ 22 வயது. சிறையிலிருந்து அவர் இலத்தீனில் எழுதிய குறிப்பு, கிறிஸ்தவப் பெண் ஒருவர் எழுதி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய எழுத்துகளுள் ஒன்று.

கேள்வி: பெற்ற தந்தையையும் கைக்குழந்தையையும் உதறிச் சென்றவரை எப்படிப் புனிதர் என்பது? ஒரு தாயாக எனக்கு மனம் ஒப்பவில்லை.

பதில்: சகோதரி, உங்கள் தயக்கம் நியாயமானது; ஆனால் குறிப்பைப் படித்தால் உதறிச் சென்றவராக அவர் தெரியவில்லை. இருட்டும் நெரிசலும் நிறைந்த சிறையில் குழந்தையை நினைத்துத் தவித்ததையும், அதைத் தம்முடன் வைத்துக்கொள்ள அனுமதி கிடைத்தவுடன் அச்சிறையே தமக்கு அரண்மனையாகிவிட்டதையும் அவரே எழுதுகிறார். தந்தை முதலில் வாதாடியபோது, அங்கிருந்த ஒரு குடத்தைச் சுட்டி, இதைக் குடம் என்றல்லாமல் வேறு பெயரால் அழைக்க முடியுமா என்று கேட்டு, அதுபோலவே கிறிஸ்தவளான தன்னையும் வேறாகச் சொல்லிக்கொள்ள இயலாது என்றார். விசாரணை நாளில் குழந்தையோடு வந்து கெஞ்சிய அந்த முதியவரை அதிகாரி இலாரியானுஸ் கோலால் அடிக்கச் செய்தபோது, அந்த அடி தம்மீதே விழுந்ததுபோல் வலித்ததாகக் குறிக்கிறார். தீர்ப்புக்குப் பின் தந்தை குழந்தையைத் தர மறுத்துவிட்டார். அதன்பின் குழந்தை பாலுக்கு ஏங்கவில்லை, தமக்கும் பால் கட்டி வலிக்கவில்லை என்பதை இறைவனின் கருணையாக ஏற்கிறார். பால் கட்டும் வேதனையைக்கூட மறக்காமல் எழுதியவரைக் கல்நெஞ்சர் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

கேள்வி: கணவர் எங்கே?

பதில்: முறைப்படி மணமானவர் என்று, அவர் குறிப்பை நூலாகத் தொகுத்துத் தந்த தொகுப்பாசிரியர் சொல்கிறார். குறிப்பிலோ கணவரைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை.

கேள்வி: பெர்பெத்துவாவுடன் சிறையிலிருந்த பெலிசித்தா அவருடைய அடிமைப் பெண்தானே?

பதில்: பரவலான கருத்து அதுவே எனினும் மூலநூல் அப்படிச் சொல்லவில்லை; ரெவொகாத்துஸ் என்பவரின் உடனடிமை என்றே குறிக்கிறது. எட்டு மாதக் கர்ப்பிணியான அவர், அதன் காரணமாகத் தண்டனை தள்ளிப்போய்த் தோழர்களைப் பிரிய நேருமோ என்று அஞ்சினார். சிறையிலேயே ஒரு பெண் குழந்தையைப் பெற்றார். அக்குழந்தையைக் கிறிஸ்தவப் பெண் ஒருவர் வளர்த்தார்.

கேள்வி: திருப்பலியில் இவர்களின் பெயர்கள் வருகின்றனவா?

பதில்: திருப்பலியில் குரு சொல்லும் மன்றாட்டுகளுள் ஒன்றான முதலாம் நற்கருணை மன்றாட்டில் இருவர் பெயரும் உண்டு. இரு பெயர்களையும் சேர்த்தால் இலத்தீனில் 'நிலையான பேரின்பம்' என்று பொருள்படும். இருவரின் விழா நாள் மறையுரையில் புனித அகுஸ்தீனார் இதை எடுத்துக்காட்டினார்.

கேள்வி: தம் மரணத்தை அவரே எழுதியிருக்க முடியாதே?

பதில்: முடியாது. தண்டனை நிறைவேற்றப்படும் அரங்கில் நடக்கப்போவதை விரும்புகிறவர் எழுதட்டும் என்று சொல்லி, முந்தைய நாளோடு அவர் நிறுத்திவிட்டார். எஞ்சியதை எழுதியவர் தொகுப்பாசிரியரே: காட்டுப் பசு முட்டித் தள்ளியபின் எழுந்த பெர்பெத்துவா, கலைந்த கூந்தலை முடிந்துகொண்டு, விழுந்து கிடந்த பெலிசித்தாவுக்குக் கைகொடுத்துத் தூக்கிவிட்டார், இறுதியில், அனுபவமற்ற இளம் வாள்வீரனின் நடுங்கும் கையைப் பிடித்துத் தம் கழுத்தருகே தாமே கொண்டுவந்தார்.