மின்கிதார் உடலைச் செதுக்கும் முன் பலகையை ஏன் மாதக்கணக்கில் உலர்த்த வேண்டும்?

உலர்த்துதல் என்பது, அறுத்த பலகையின் ஈரம் சுற்றியுள்ள காற்றின் ஈரத்தோடு சமநிலைக்கு வரும்வரை, இடையிடையே சட்டங்கள் வைத்து அதை நிழலில் காற்றாட அடுக்கி வைப்பதாகும்.

மர இழைகளின் சுவர்களில் பிடித்திருக்கும் நீர் வெளியேறும்போது பலகை சுருங்குகிறது. நீளவாக்கில் இது மிகக் குறைவு; அகலத்திலோ, வளர்ச்சி வளையங்களை ஒட்டிய திசையில், அவற்றுக்குக் குறுக்கே இருப்பதைவிடச் சுமார் இரு மடங்கு. வெயிலில் அப்பளத்தின் ஒரு பக்கம் முந்திக் காய்ந்து ஓரம் சுருள்வதைப் போல, இந்த ஏற்றத்தாழ்வே பலகையை வளைக்கிறது. குன்னூரில் ஐப்பசி மழைக்கு இறுகும் கதவு பங்குனியில் தளர்வதும் மரம் ஈரத்தை ஏற்று உப்பி, பின் உலர்ந்து சுருங்குவதால்தான்.

கிதார் உடல் சுமார் 45 மி.மீ. கனமுடையது, கழுத்து பொருந்தும் குழி சற்றே கோணினாலும் தந்திகளின் உயரம் மாறிவிடும். ஆகவே, தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வளர்ந்த சில்வர் ஓக்கை எடுத்தாலும் அவசரப்படாதீர்கள். வாரந்தோறும் பலகையை எடைபோட்டு, அதன் மேலேயே பென்சிலால் குறித்து வாருங்கள். மழையற்ற மாதங்களிலும் எடை தொடர்ந்து மாறாமல் நின்றால்தான் உளியை எடுக்கலாம்.

வார்னிஷ் பூசிவிட்டால் ஈரம் நுழையாது என்று பலர் நம்புகிறார்கள். பூச்சு ஈரத்தின் போக்குவரத்தைத் தாமதப்படுத்துமே தவிர, முற்றிலும் தடுக்காது.