மூலையில் உருகும் பெர்ஸ்பெக்ஸ்: ஃபீட் மாறும்போது ஸ்பிண்டிலும் மாற வேண்டுமா?

கேள்வி: ஐயா, வணக்கம். டர்பனை அடுத்த சாட்ஸ்வர்த்தில் பெயர்ப்பலகை செய்யும் சிறு பட்டறை நடத்துகிறேன். தைப்பூசக் காவடிக்கு முன்பாகக் கோயில் ஒன்றுக்கு 6 மி.மீ. பெர்ஸ்பெக்ஸில் (அக்ரிலிக் பிளாஸ்டிக் தகட்டில்) பெரிய தமிழ் எழுத்துகள் வெட்டித் தர வேண்டும். 3 மி.மீ. ஒற்றை வெட்டுவாய் கட்டர், அதைச் சுழற்றும் ஸ்பிண்டில் 18,000 ஆர்.பி.எம். (நிமிடத்துக்கான சுற்றுகள்), ஃபீட், அதாவது கட்டர் முன்னேறும் வேகம், நிமிடத்துக்கு 1,800 மி.மீ. நேர்கோடுகளில் விளிம்பு பளிச்சென்று வருகிறது. 'ட', 'ப' ஆகியவற்றின் உள்மூலைகளில் மட்டும் பெர்ஸ்பெக்ஸ் உருகிக் கட்டரில் ஒட்டிக்கொள்கிறது. வேகம் குறைந்தால் லேசரின் சக்தியும் தானாகக் குறையும் என்று லேசர் வைத்திருக்கும் நண்பர் சொல்கிறார். அதேபோல ஃபீட் குறையும்போது ஸ்பிண்டிலும் தானாகக் குறையும்படி செய்யலாமா? என் இயந்திரத்தை இயக்குவது லினக்ஸ் சி.என்.சி. என்ற கணினி மென்பொருள்.

பதில்: காரணத்தை நீங்கள் சரியாகவே பிடித்திருக்கிறீர்கள். ஆனால் அதற்கு நீங்கள் நினைக்கும் மருந்து உதவாது.

ஃபீடை ஆர்.பி.எம்.மால் வகுத்து, வெட்டுவாய்களின் எண்ணிக்கையாலும் வகுத்தால், ஒரு வெட்டுவாய் ஒரு சுற்றில் எடுக்கும் சீவலின் அளவு கிடைக்கும். உங்கள் கணக்கில் அது 0.1 மி.மீ.; பெர்ஸ்பெக்ஸுக்கு நல்ல அளவு. வெட்டும்போது பிறக்கும் வெப்பத்தின் பெரும்பகுதியைச் சுமந்துகொண்டு வெளியேறுவது இந்தச் சீவல்தான். மூலையில் ஃபீட் விழுந்து ஸ்பிண்டில் மட்டும் அதே 18,000-இல் சுற்றினால், சீவல் மெலிந்து, வெட்டுவாய் வெட்டுவதை விட்டுவிட்டுத் தேய்க்கத் தொடங்குகிறது. பெர்ஸ்பெக்ஸ் ஏறத்தாழ 100 டிகிரி செல்சியஸிலேயே இளகிவிடும் பொருள் என்பதால், சிறிது நேரத் தேய்ப்புகூட அதற்கு அதிகம்.

அந்த நேரம் எவ்வளவு என்று பார்ப்போம். நிமிடத்துக்கு 1,800 என்பது வினாடிக்கு 30 மி.மீ. உங்கள் இயந்திரத்தின் அச்சுகள் ஒவ்வொரு வினாடியிலும் தங்கள் வேகத்தை வினாடிக்கு 200 மி.மீ. அளவே கூட்டவோ குறைக்கவோ முடியும் என்று வைத்துக்கொள்வோம். செங்கோண மூலையில் கட்டர் நின்று திரும்புமானால், நிற்பதற்கு 0.15 வினாடியும் 2.25 மி.மீ. தூரமும் வேண்டும், மீண்டும் வேகமெடுக்கவும் அதே அளவு வேண்டும். உருகிய கறை மூலைக்கு இருபுறமும் ஏறத்தாழ இந்த நீளத்துக்குத்தான் இருக்கிறதா என்று ஓர் அளவுகோலை வைத்துப் பாருங்கள். அப்படியென்றால் சந்தேகத்துக்கு இடமில்லை.

இந்த 0.15 வினாடிக்குள் ஸ்பிண்டிலால் வேகத்தைக் குறைத்துவிட முடியாது. சுழலும் ரோட்டருக்கும் கட்டரைப் பிடித்திருக்கும் கோலெட்டுக்கும் எடை உண்டு, ஸ்பிண்டிலின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் வி.எஃப்.டி.யில் வேகம் ஏறவும் இறங்கவும் பொதுவாகச் சில வினாடிகள் ஒதுக்கப்பட்டிருக்கும். இறங்கும் நேரத்தை வலிந்து குறைத்தால், வேகம் இறங்கும்போது திரும்பி வரும் மின்சாரத்தை வெப்பமாக்கும் பிரேக் ரெசிஸ்டர் இல்லாத வி.எஃப்.டி. மின்னழுத்தம் மிகுந்து டிரிப் ஆகிவிடும். அப்படியே இறங்கினாலும், கட்டர் மூலையைக் கடந்து நேர்கோட்டில் முழு வேகத்தில் ஓடும்போது ஸ்பிண்டில் குறைந்த வேகத்தில் இருக்கும். அப்போது சீவல் தடித்துக் கட்டர் முறியவும் கூடும். லேசர் கதிருக்கு எடை இல்லாததால், நண்பரின் இயந்திரத்தில் அது நடக்கிறது. லினக்ஸ் சி.என்.சி. தன் அப்போதைய வேகத்தைத் தரும் 'பின்' (pin) என்னும் உள் இணைப்பு ஒன்றை வைத்திருப்பதால், அதை ஓர் எண்ணால் பெருக்கி ஸ்பிண்டிலுக்கு அனுப்ப முடியும் என்பது உண்மையே. ஆயினும் மூலைகளுக்காக அதைச் செய்ய வேண்டாம் என்பதே என் உறுதியான கருத்து.

எடை மிகுந்து மெதுவாக மாறுவதை நிலையாக ஓடவிட்டு, விரைந்து மாறக்கூடியதை அதன் பின்னே செல்லவிடுவதுதான் முறை. துளைக்குள் மரை வெட்ட டேப் போடும்போது நடப்பதும் இதுவே: எம்6 மரைக்கு ஸ்பிண்டில் ஒரு சுற்றுச் சுற்றினால் மேலும் கீழும் நகரும் இசட் அச்சு 1 மி.மீ. இறங்குகிறது, ஸ்பிண்டில் தளர்ந்தால் அச்சும் தளர்கிறது. ஸ்பிண்டிலில் அதன் சுற்றை அளக்கும் என்கோடர் இருந்தால், ஜி95 என்ற கட்டளை மில்லிங்கிலும் ஃபீடை இப்படிச் சுற்றுக்கு இவ்வளவு என்று வைத்துக்கொள்ளும்.

உங்களுக்கு நான் சொல்வது இரண்டையும் முன்கூட்டியே சேர்த்துக் குறைப்பது. ஃபீட் 1,200, ஆர்.பி.எம். 12,000 என்று வைத்தால் சீவல் அதே 0.1 மி.மீ. தான், ஆனால் நிற்பதற்கான தூரம் 2.25-இலிருந்து 1 மி.மீ. ஆகிவிடும். ஸ்பிண்டிலின் சக்தி வேகத்தோடு குறையும் என்றாலும், 3 மி.மீ. கட்டருக்கு அது தாராளமாகப் போதும்.

அடுத்து, வரைபடத்தில் உள்மூலையை 3.5 மி.மீ. ஆரமுள்ள வளைவாக மாற்றுங்கள். கட்டரின் மையம் அப்போது 2 மி.மீ. ஆர வளைவில் செல்லும். மேலே வைத்துக்கொண்ட அதே முடுக்கத்தில், 1,200 ஃபீடில் அந்த வளைவை வேகம் குறையாமலே கடந்துவிடலாம். பழைய 1,800-க்கு மையத்தின் ஆரம் 4.5 மி.மீ. வேண்டியிருக்கும், எழுத்தின் வடிவம் கெட்டுவிடும். வரைபடத்தை இயந்திரக் கட்டளைகளாக மாற்றும் கேம் மென்பொருள் அந்த வளைவைச் சிறுசிறு கோடுகளாக நறுக்காமல் ஜி2, ஜி3 என்ற வளைவுக் கட்டளைகளாகவே எழுதுகிறதா என்றும், நிரலின் தொடக்கத்தில் பாதையைத் துல்லியமாகப் பின்பற்ற வேகத்தைக் குறைக்கும் ஜி61 இல்லாமல், 0.05 மி.மீ. வரை விலக விட்டு வேகத்தைக் காக்கும் ஜி64 பி0.05 இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்வளைவில் சுவரைத் தொடும் விளிம்பு கட்டரின் மையத்தைவிட வேகமாக நகர்வதால், அங்கே ஃபீட் சற்றுக் குறைந்தாலும் சீவல் மெலியாது.

தகடு வார்த்துச் செய்த காஸ்ட் வகையாக இருக்கட்டும். அச்சின் வழியே பிதுக்கிச் செய்த எக்ஸ்ட்ரூடட் எளிதில் இளகும். கட்டரின் முனைக்கு இடைவிடாமல் காற்று ஊதுங்கள்.

கேள்வி: டர்பனின் ஜேக்கப்ஸ் பகுதிப் பட்டறை ஒன்றில் சர்க்கரை ஆலைகளுக்கான 304 ஸ்டெயின்லெஸ் பாகங்களை மில்லிங் செய்கிறேன். 10 மி.மீ. நான்கு வெட்டுவாய் கார்பைடு கட்டர், 2,500 ஆர்.பி.எம்., ஃபீட் 400. சத்தம் வந்தால் பாதுகாப்புக்காக ஃபீட் குமிழை 25 சதவீதத்துக்குத் திருப்பிவிடுவேன். ஆனால் கட்டர் முன்னைவிட விரைவாக மழுங்குகிறதே, ஏன்?

பதில்: குமிழைத் திருப்பியதும் 0.04 மி.மீ. சீவல் 0.01 ஆகிவிடுகிறது. அது ஏறத்தாழ வெட்டுவாயின் கூர்முனை உருண்டிருக்கும் அளவு. எனவே வெட்டுவாய் உலோகத்தை எடுக்காமல் அழுத்தித் தேய்க்கிறது. 304 தேய்க்கத் தேய்க்க இறுகும் உலோகம். அடுத்த வெட்டுவாய் அந்த இறுகிய தோலில் மோதுகிறது.

சத்தம் வந்தால் முதலில் ஸ்பிண்டில் குமிழைப் பத்துச் சதவீதம் இறக்கி, ஃபீடையும் அதே அளவு இறக்குங்கள். அதிர்வு பெரும்பாலும் குறிப்பிட்ட சுழல் வேகங்களில்தான் கிளம்பும் என்பதால், சிறு மாற்றத்திலேயே அடங்கிவிடுவதுண்டு. அடங்காவிட்டால் வெட்டு ஆழத்தைக் குறையுங்கள். ஃபீடை மட்டும் குறைக்காதீர்கள். பக்கவாட்டில் 1 மி.மீ. மட்டுமே எடுக்கும் வெட்டுகளில் சீவல் கணக்கிட்டதில் 60 சதவீதத் தடிமனே வரும். அங்கே 2,500 ஆர்.பி.எம்.முக்கு ஃபீடை 670 வரை உயர்த்தினால்தான் உண்மையான 0.04 மி.மீ. கிடைக்கும்.