பை-ராட்ஸ் 3 என்றால் மூணாவது ஸ்டேஜ் இல்லை

மன்னார்குடி தம்பிக்கு, அம்மாவோட மேமோகிராம் (மார்பக எக்ஸ்-ரே) ரிப்போர்ட்டில் 'பை-ராட்ஸ் 3'னு இருக்கு, மூணாவது ஸ்டேஜ் புற்றுநோயான்னு கேட்டிருக்கீங்க. இல்லவே இல்லை. முதல்ல இதை அம்மாகிட்ட சொல்லிடுங்க, மீதியை அப்புறம் படிங்க.

ஸ்டேஜ்ங்கிறது நோய் உறுதியான பிறகு, எவ்வளவு பரவியிருக்குன்னு சொல்றது. பை-ராட்ஸ், படத்தைப் பார்த்து ரேடியாலஜிஸ்ட் போடுற எண். அமெரிக்கன் காலேஜ் ஆஃப் ரேடியாலஜி வகுத்தது, 0 முதல் 6 வரை. 3 என்றால் பெரும்பாலும் சாதாரணக் கட்டி. புற்றுநோயா இருக்க வாய்ப்பு 2 சதவீதத்துக்கு மேல் இல்லை. 4, 5 வந்தால்தான் ஊசி போட்டுத் திசு எடுக்கச் சொல்வாங்க.

ஆனா ஆறு மாசம் கழிச்சு வரச் சொன்னதை விட்டுடாதீங்க. தையில் எடுத்திருக்கீங்க, அப்போ ஆடியில் போகணும். ஆடி மாசமாச்சே, சம்பாவுக்கு நாத்து விடணுமேன்னு நம்ம பக்கம் தள்ளிப்போடுவாங்க. மேமோகிராம் எடுக்கிற வேலையில் இருக்கேன், அதைப் பார்த்து மனசு கஷ்டப்பட்டிருக்கேன். பழைய ஃபிலிமை மஞ்சப்பைக்காக மடிக்காம அப்படியே கொண்டுபோங்க. கட்டி மாறலைன்னு சொல்ல அதுதான் சாட்சி. அன்னைக்கு அக்குளில் பவுடர் வேண்டாம், படத்தில் சுண்ணாம்புப் புள்ளி மாதிரி தெரியும். நடுவில் கட்டி பெருத்தாலோ, காம்பில் ரத்தம் கசிந்தாலோ, ஆடி வரைக்கும் காத்திருக்காம உடனே டாக்டரைப் பாருங்க.